வினைவகை 3.1 வந்தது எப்படி? தயோசல்பேட் பரிசோதனை, மூன்று சுற்று

சோடியம் தயோசல்பேட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றி, பிரியும் கந்தகத்தால் கரைசல் கலங்கி, பீக்கருக்கு அடியில் போட்ட பெருக்கல் குறி மறைய எத்தனை நொடி என்று பார்க்கிற பரிசோதனை இது. முதல் சுற்றில் வினைவகை, அதாவது வேகம் செறிவின் எத்தனையாவது அடுக்கில் மாறுகிறது என்ற எண், 3.1 என்று கணக்கு சொன்னது. மடக்கை சரி, கால்குலேட்டர் சரி, ஸ்டாப்வாட்ச்சும் சரி. கடைசிச் சுற்றில் அதே கணக்கு 1.06 என்று வந்தது. நடுவில் சூத்திரம் எதுவும் மாறவில்லை. சூத்திரத்துக்குள் போட்ட எண்கள்தான் மாறின.

+2 வேதிவினை வேகவியல் பாடத்தில் 2.303-ஐப் பெருக்கி மடக்கை போடுவதை மாணவர்கள் மளமளவென்று செய்துவிடுகிறார்கள். அந்தச் செறிவு எந்தச் செறிவு, அந்த வெப்பநிலை எதன் வெப்பநிலை என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். இந்தப் பதிவு முழுக்க அந்த இடங்களைப் பற்றித்தான்.

முதலில் சாமான். பாரிமுனைப் பக்கம் நைனியப்ப நாயக்கன் தெருக் கடைகளில் தயோசல்பேட்டை 'ஹைப்போ' என்று கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். போட்டோ கழுவிய காலத்துப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 500 கிராம் 280 ரூபாய். ஆய்வகத் தர ஹைட்ரோகுளோரிக் அமிலம் 500 மி.லி. 190. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் 5 லிட்டர் 100. மருந்துக்கடையில் 10 மி.லி. சிரிஞ்ச் இரண்டு 20, ஹைட்ரஜன் பெராக்சைடு 100 மி.லி. 30, டிரிப் ஏற்றும் டியூப் 25. 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் 120. பொட்டாசியம் அயோடைடுதான் கையைக் கடித்தது: 25 கிராம் 350. ஆக மொத்தம் 1,115 ரூபாய். பீக்கர், அளவு ஜாடி, 0.01 கிராம் காட்டும் நகை எடை மெஷின் ஆகியவை ஏற்கெனவே இருந்தவை.

செலவைக் குறைக்கிறேன் என்று பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எடுக்க வேண்டாம். அதன் மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்பால் வருவது. அந்த இரும்பு தயோசல்பேட்டோடு சேர்ந்து ஒரு கணம் ஊதா காட்டி மறையும், போகிற போக்கில் தயோசல்பேட்டில் கொஞ்சத்தைத் தின்றும்விடும். செறிவும் தெரியாது, சுத்தமும் கிடையாது.

0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) தயோசல்பேட் 500 மி.லி.க்கு 12.4 கிராம் படிகம் போதும். ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த படிகத்தின் மோலார் நிறை 248.2, நீரை விட்டுவிட்டு 158-ஐ வைத்து எடை போட்டால் கரைசல் 0.064 மோலாராகத்தான் நிற்கும். 1 மோலார் அமிலம் 250 மி.லி.க்கு அடர் அமிலம் சுமார் 21.5 மி.லி. தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றி அல்ல. கண்ணாடியும் கையுறையும் போட்டு, ஜன்னல் பக்கமாக.

முதலில் போட்ட தயோசல்பேட் கரைசல் நாலே நாளில் லேசாகக் கலங்கிவிட்டது. சாக்கடையில் போனது. காற்றின் கார்பன் டை ஆக்சைடும் நுண்ணுயிரும் சேர்ந்து அதைச் சிதைக்கும். இரண்டாம் முறை 500 மி.லி.க்கு 0.05 கிராம், அதாவது ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட் போட்டு, பழுப்பு பாட்டிலில் வைத்ததும் கடைசி வரை தெளிவாகவே இருந்தது. அவ்வளவு கார்பனேட் 10 மி.லி. அமிலத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

இனி முதல் சுற்று. 100 மி.லி. பீக்கரில் தயோசல்பேட் 50, 40, 30, 20, 10 மி.லி. என்று எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 மி.லி. அமிலம். தண்ணீர் சேர்க்கவில்லை. கரைசல் வெப்பம் 31 டிகிரி. குறி மறைந்த நேரம் வரிசையாக 21, 26, 35, 51, 102 நொடி.

எத்தனை மி.லி. என்பதைக் கிடை அச்சிலும், 1/நேரம் என்பதைச் செங்குத்து அச்சிலும் வைத்தால் அழகான நேர்கோடு. 'முதல் வகை வினை, முடிந்தது' என்று நோட்டை மூடிவிடலாம் போல இருந்தது. ஆனால் மி.லி. செறிவு அல்லவே. 50 மி.லி.யில் 10 சேர்ந்தால் தயோசல்பேட் 0.083 மோலார். 10 மி.லி.யில் 10 சேர்ந்தால் 0.05. செறிவு 1.67 மடங்கு மட்டுமே மாறியிருக்கிறது, நேரமோ கிட்டத்தட்ட 5 மடங்கு. மடக்கையை மடக்கையால் வகுத்தால் வினைவகை 3.1.

இது ஏன் என்று புரிய பீக்கரை மேலிருந்து பார்க்க வேண்டும். கண்ணுக்கும் குறிக்கும் நடுவே எவ்வளவு கந்தகம் நிற்கிறது என்பதுதான் குறியை மறைக்கிறது. நேர்சுவர் பீக்கரில் அதே தயோசல்பேட்டை 20 மி.லி.யாக வைத்தாலும் 60 மி.லி.யாக வைத்தாலும், கரைசல் நீர்த்த அளவுக்கு ஆழம் கூடிவிடும், இரண்டும் ஈடுகட்டிக்கொள்ளும். ஆக, முதல் சுற்றில் ஒரே நேரத்தில் மூன்று மாறின. தயோசல்பேட் செறிவு மாறியது. ஆழம் 3 மடங்கு மாறியது. அமிலச் செறிவும் 0.167-இலிருந்து 0.5 வரை மாறியது. நேர்கோடு வந்தது உண்மை. அது செறிவுக்கும் வேகத்துக்கும் உள்ள உறவைக் காட்டவில்லை என்பதும் உண்மை. நேர்கோட்டைப் பார்த்து ஏமாறுவது இந்தப் பாடத்தில் ரொம்பச் சுலபம்.

இரண்டாம் சுற்றில் தயோசல்பேட்டோடு தண்ணீர் 0, 10, 20, 30, 40 மி.லி. சேர்த்து எல்லாவற்றையும் 50 மி.லி. ஆக்கினோம், பிறகு அமிலம் 10. மொத்தம் எப்போதும் 60, ஆழம் ஒன்று, அமிலம் ஒன்று. ஆனாலும் ஒரே கலவைக்கு மூன்று முறை எடுத்தால் 21, 25, 19 என்று தாறுமாறாக வந்தது. கலவையில் பிழை இல்லை, வெளிச்சத்தில்தான். ஜன்னலோரம் வைத்த பீக்கர், வெளியே மேகம் வந்து போகிறது. வெயில் அடிக்கும்போது குறி இன்னும் கொஞ்ச நேரம் தெரியும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்ததும் வித்தியாசம் ஒரு நொடிக்குள் அடங்கியது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றினால் நிழல் ஆடும், அதையும் நிறுத்த வேண்டும். சென்னையில் அதுதான் பெரிய தியாகம்.

சின்னச் சின்னத் தொல்லைகள் இன்னும் உண்டு. குறியைப் பென்சிலால் போட்டால் ஒருவருக்குச் சீக்கிரம் மறையும், இன்னொருவருக்குத் தாமதமாக. 2 மி.மீ. தடிமனில் கறுப்பு மார்க்கரால் ஒரே காகிதத்தில் போட்டு, எல்லா அளவையும் அந்த ஒரே காகிதத்தில் எடுக்க வேண்டும். பார்க்கும் கண்ணும் ஒருவருடையதாகவே இருக்கட்டும். பீக்கரின் அடியில் ஒட்டிய வெள்ளைக் கந்தகப் படலத்தைத் தேய்த்துக் கழுவாவிட்டால் அடுத்த அளவு இரண்டு மூன்று நொடி குறையும். கழுவிய பின் உள்ளே தங்கும் தண்ணீரும் கணக்குதான். கவிழ்த்து டிஷ்யூவால் ஒற்றி எடுத்தோம். அமிலத்தை அளவு ஜாடியிலிருந்து ஊற்றினால் கடைசிச் சொட்டு விழ மூன்று நொடி ஆகிறது. 21 நொடி அளவில் அது பெரிய பங்கு. சிரிஞ்ச்சால் ஒரே தள்ளாகத் தள்ளி, பாதி உள்ளே போனதும் வாட்ச்சை அழுத்துவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு சுழற்று, பிறகு தொடக் கூடாது.

இந்தத் திருத்தங்களோடு மூன்றாம் சுற்று, ஒவ்வொன்றும் மும்முறை எடுத்த சராசரி:

தயோசல்பேட் 50 மி.லி. (கலவையில் 0.083 மோலார்): 21 நொடி
40 மி.லி. (0.067): 26.5 நொடி
30 மி.லி. (0.050): 36 நொடி
20 மி.லி. (0.033): 55 நொடி
10 மி.லி. (0.017): 116 நொடி

செறிவு 5 மடங்கு, நேரம் 116 ÷ 21 = 5.52 மடங்கு. 5.52-இன் மடக்கை 0.742, 5-இன் மடக்கை 0.699. வகுத்தால் 1.06. இந்த இரண்டு முனைகளை மட்டும் நம்பாமல் ஐந்து புள்ளியையும் வரைந்து சாய்வு பார்ப்பது நல்லது. 116 நொடி அளவில் குறி மெதுவாக மங்குவதால் 'மறைந்துவிட்டது' என்று சொல்வதிலேயே நாலு நொடி தடுமாற்றம் இருக்கிறது. 21 நொடியில் அந்தத் தடுமாற்றம் இல்லை, ஆனால் வாட்ச்சை அழுத்தும் ஒரு நொடிப் பிழையே 5 சதவீதம். மொத்தத்தில் 30 முதல் 60 நொடி வரை உள்ள அளவுகள்தான் நம்பகமானவை.

ஒரு எச்சரிக்கை. 1/நேரம் என்பது வேகம் அல்ல. வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் ஒரு எண். குறியை மறைக்க எத்தனை மோல் கந்தகம் வேண்டும் என்று தெரிந்தால்தான் லிட்டருக்கு, நொடிக்கு இத்தனை மோல் என்று சொல்ல முடியும். 1/21 = 0.0476, அதை 0.083-ஆல் வகுத்து 'வேக மாறிலி 0.57' (வேகத்தைச் செறிவோடு இணைக்கும் எண்) என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவது பரவலாக நடக்கிறது. அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. பேனாக் குறி கொஞ்சம் தடித்தால் அதுவும் மாறிவிடும். விகிதம் எடுக்கும்போது மட்டும் அந்தத் தெரியாத அளவு மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது, அதனால்தான் வினைவகை தப்பிக்கிறது.

கிளர்வு ஆற்றலும், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையும், அப்படித்தான் தப்பிக்க வேண்டும். ஆனால் அங்கே வேறொரு குழி. 20 மி.லி. தயோசல்பேட், 30 மி.லி. தண்ணீர் கலவையைத் தேர்ந்தோம், ஏனென்றால் 31 டிகிரியிலேயே 55 நொடிதான். 50 மி.லி. கலவையைச் சூடாக்கினால் ஏழெட்டு நொடியில் முடிந்துவிடும், எதையும் அளக்க முடியாது. குளிர்ந்த ஊர்களுக்கு எழுதிய செய்முறைக் குறிப்பை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் வரும். இங்கே கீழ்முனைக்குத்தான் மெனக்கெட வேண்டும்: ஐஸ் வாங்க வேண்டும்.

முதல் முயற்சியில் தயோசல்பேட்டை ஒரு முறை 10 டிகிரி ஐஸ் தொட்டியிலும், மறுமுறை 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியிலும் வைத்து, மேசையில் இருந்த பீக்கரில் ஊற்றி, மேசையில் இருந்த அமிலத்தைச் சேர்த்தோம். நேரம் 158 நொடியும் 15 நொடியும். 10, 60 என்று, வேகத்தையும் வெப்பநிலையையும் இணைக்கும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் போட்டால் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 37 கிலோ ஜூல். எண் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. சந்தேகம் வந்தது தெர்மாமீட்டரைத் தற்செயலாகக் கலவையிலேயே விட்டுவைத்தபோது: 60 அல்ல, 52 காட்டியது. குளிர்ந்த கலவையில் 16. அறை வெப்பத்தில் இருந்த 10 மி.லி. அமிலமும் 50 கிராம் கண்ணாடியும் சேர்ந்து சூட்டைத் தின்கின்றன, குளிரையும் அப்படியே. 36 டிகிரி வித்தியாசத்தில் நடந்ததை 50 டிகிரியில் நடந்ததாகக் கணக்கில் எழுதினால் கிளர்வு ஆற்றல் குறையாமல் என்ன செய்யும்?

இரண்டாம் முயற்சியில் பீக்கர், தயோசல்பேட், சிரிஞ்ச்சில் ஏற்றிய அமிலம் மூன்றையும் ஒரே தொட்டியில் ஐந்து நிமிடம் வைத்தோம். தொட்டி என்றால் பழைய ஐஸ்கிரீம் டப்பாதான். கலந்தவுடன் ஒரு தடவை, குறி மறைந்ததும் ஒரு தடவை கலவையின் வெப்பத்தைப் பார்த்து, சராசரியை எழுதினோம். 16 டிகிரியில் 158 நொடி, 24-இல் 90, 31-இல் 55, 40-இல் 31, 49-இல் 18.

கணக்கு இப்படி: கெல்வினில் 289.15-உம் 322.15-உம். 1/வெப்பநிலை 0.003458, 0.003104, வித்தியாசம் 0.000354. நேர விகிதம் 158 ÷ 18 = 8.78, அதன் மடக்கை 0.943, 2.303-ஆல் பெருக்க 2.172. அதை 0.000354-ஆல் வகுத்து 8.314-ஆல் பெருக்கினால் சுமார் 51,000 ஜூல். மோலுக்கு 51 கிலோ ஜூல். முந்தைய 37-க்கும் இதற்கும் நடுவே வேதியியல் எதுவும் இல்லை, தெர்மாமீட்டரை எங்கே வைத்தோம் என்பது மட்டும்தான். '10 டிகிரிக்கு வேகம் இருமடங்கு' என்ற வாய்ப்பாட்டையும் இதே அளவுகளில் சோதிக்கலாம். 31-இலிருந்து 40-க்கு, 9 டிகிரியில், 1.77 மடங்கு. பரவாயில்லை.

இரண்டாம் முயற்சியில் 50 டிகிரிக்கு மேல் போகாததற்குக் காரணம் நேரம் மட்டுமல்ல. இந்த வினையில் சல்பர் டை ஆக்சைடும் வருகிறது. சூடு ஏற ஏற அது கரைசலை விட்டு வேகமாக வெளியேறும், தொண்டையைப் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர் அந்த அறையில் இருக்கவே கூடாது. முடிந்த கலவையை அப்படியே வாஷ்பேசினில் கொட்டாமல், அரை வாளித் தண்ணீரில் 30 கிராம் சலவை சோடாவைக் கரைத்து, காரம் இருக்கும்வரை இளஞ்சிவப்பு காட்டும் பினாப்தலீனும் இரண்டு சொட்டு விட்டு, அதில் உடனுக்குடன் கொட்ட வேண்டும். அந்த 30 கிராம் ஏறக்குறைய 10 பீக்கருக்குத் தாங்கும். இளஞ்சிவப்பு வெளுத்தால் இன்னும் சோடா போட வேண்டும். நுரைக்கும், அதனால் வாளி பெரிதாக இருக்கட்டும்.

அசல் வேக மாறிலி, அலகோடு, வேண்டும் என்றால் வேறு வினைக்குத்தான் போக வேண்டும். பொட்டாசியம் அயோடைடு வினையூக்கியாக இருக்க ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவது அதற்குத் தோது. 0.83 கிராம் அயோடைடை 47 மி.லி. தண்ணீரில் கரைத்து 100 மி.லி. கூம்புக் குடுவையில் எடுத்து, துளை போட்ட ரப்பர் கார்க், டிரிப் டியூப், வரும் ஆக்சிஜனைப் பிடிக்க, தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த 100 மி.லி. அளவு ஜாடி. கார்க்கில் இன்னொரு துளை வழியாக சிரிஞ்ச்சில் 3 மி.லி. பெராக்சைடு. கரைசல் லேசாக மஞ்சளாகும், பயப்பட வேண்டாம்.

இங்கே இரண்டு பிழைகள். ஒன்று சின்னது: 3 மி.லி. உள்ளே தள்ளினால் 3 மி.லி. காற்று வெளியே வரும். வினை தொடங்கும் முன்பே ஜாடியில் 3 காட்டும், எல்லா அளவிலும் அதைக் கழிக்க வேண்டும். இன்னொன்று பெரியது. பாட்டிலில் '20 வால்யூம்' என்று போட்டிருந்தது. அதாவது 1 மி.லி. 20 மி.லி. ஆக்சிஜன் தரும். 3 மி.லி.க்கு 60, 31 டிகிரிக்கும் நீராவிக்கும் திருத்தினால் 70 மி.லி. அந்த 70-ஐ இறுதிக் கன அளவாக வைத்துக் கணக்குப் போட்டோம்.

2 நிமிடத்தில் 11 மி.லி., 4-இல் 20, 6-இல் 27.5, 8-இல் 33.5, 10-இல் 38, 15-இல் 46. வேக மாறிலி = (2.303 ÷ நேரம்) × மடக்கை (இறுதி ÷ மீதி). மீதி என்பது இறுதியிலிருந்து அதுவரை வந்த வாயுவைக் கழித்தது. 70-ஐ வைத்தால் 2 நிமிடத்தில் 0.086, 10-இல் 0.078, 15-இல் 0.071. பெயர் மாறிலி, ஆனால் இறங்கிக்கொண்டே போகிறது. குடுவையை அப்படியே ஒரு மணி நேரம் விட்டுவைத்தபோது வாயு 58-இல் நின்றுவிட்டது. திறந்து வைத்த பெராக்சைடு கடையிலோ வீட்டிலோ கொஞ்சம் செத்துப்போயிருக்கிறது. 58-ஐ வைத்ததும் ஆறு அளவும் 0.105-க்கும் 0.108-க்கும் நடுவே வந்து உட்கார்ந்தன. சராசரி நிமிடத்துக்கு 0.106. அரைவாழ் காலம் 0.693 ÷ 0.106 = 6.5 நிமிடம். அளவுகளிலேயே பாருங்கள், 58-இல் பாதியான 29 மி.லி. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவேதான் வருகிறது.

குடுவையைச் சீராகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா விட்டால் ஆக்சிஜன் கரைசலுக்குள்ளேயே தங்கி, முதல் இரண்டு நிமிட அளவு குறைவாக வரும், பிறகு ஒரு குலுக்கில் குப்பென்று ஏறும்.

அடுத்த தடவை மாற்றப்போவது முக்கியமாகக் கண்ணைத்தான். ரிச்சி தெருவில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் ஒளி உணர் மின்தடை ஒன்றை பீக்கருக்கு அடியில் ஒட்டி, மேலே வெள்ளை எல்இடி, முனைகளில் மல்டிமீட்டர். கறுப்பு அட்டைப் பெட்டி போட்டு மூடிவிட்டால் மேகமும் ட்யூப் லைட்டும் ஒன்றுதான். மின்தடை தொடக்கத்தில் இருந்ததைப் போல இருமடங்கு ஆகும் நொடியை 'மறைந்தது' என்று எழுதினால் போதும், மின்விசிறியையும் நிறுத்த வேண்டியதில்லை. பெராக்சைடு பாட்டிலை அன்றன்றைக்குப் புதிதாக உடைப்பதா, இல்லை ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் காத்திருந்து இறுதிக் கன அளவை எடுப்பதா என்றால், காத்திருப்பதுதான். புது பாட்டிலின் லேபிளும் லேபிள்தானே.